நரகத்தின் வாசலைச் சுற்றி ஒரு நடை

2022 ஜூலை 18. பிரான்ஸின் மேற்குக் கோடியில் உள்ள பிரெஸ்ட் நகரில் அன்று வெப்பம் 39.3 டிகிரியைத் தொட்டது. தூறலுக்கும் பனிமூட்டத்துக்கும் பழகிய அந்த ஊர் அதுவரை கண்டிராத வெயில். அதே நாளில், அங்கிருந்து கிழக்கே அர்ரே மலைகளில் தீப்பிடித்தது. காய்ந்து கிடந்த புதர்வெளியில் காற்று போன திசையெல்லாம் நெருப்பு ஓடியது. கிராமத்து மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். சில நாட்களில் சுமார் 1,700 ஹெக்டேர் சாம்பலானது.

அந்தப் புதர்வெளியின் நடுவே ஒரு குன்று. அதன் உச்சியில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய சின்னஞ்சிறு கல் தேவாலயம். சுற்றிலும் ஒரு மரம்கூடக் கிடையாது. இரவில் நெருப்பு சரிவேறி அதன் சுவர் வரை வந்தது. தீயணைப்பு வீரர்கள் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. விடிந்தபோது, கரிந்துபோன குன்றின் தலையில் தேவாலயம் மட்டும் முழுதாக நின்றது.

நாட்டின் மறுகோடியில் இருந்தவர்கள்கூட அந்தப் படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். காரணம் இருக்கிறது. அது தூய மிக்கேலின் தேவாலயம்; சாத்தானை வீழ்த்திய வானதூதர் அவர். குன்றின் அடியில் விரிந்து கிடக்கும் சதுப்புநிலத்தைத்தான் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர் மக்கள் நரகத்தின் வாசல் என்று சொல்லி வந்திருக்கிறார்கள். வாசலுக்கு எதிரே காவல் நிற்பவரின் வீடு அந்தத் தேவாலயம்.

ஒவ்வொரு பாறைக்கும் குளத்துக்கும் இப்படி ஒரு கதை இருக்கிற நிலம் பிரிட்டானி. அந்தக் கதைகளின் வழியாகவே இங்கே நடைபாதைகள் போகின்றன.

உயரம் 385 மீட்டர்

பிரிட்டானி என்றால் பயணிகள் முதலில் நினைப்பது கடலைத்தான். அதன் கரையை ஒட்டி 2,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் 'ஜி.ஆர். 34' நடைபாதை பிரான்ஸ் முழுக்கப் பிரபலம். பிரெட்டன் மக்கள் தங்கள் நாட்டை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள்: கடலோரம் 'அர்மோர்', காடு சூழ்ந்த உள்நாடு 'அர்கோவாட்'. கூட்டம் அர்மோருக்குப் போகும். கதைகள் அர்கோவாட்டில் அடர்ந்து கிடக்கின்றன.

அந்த உள்நாட்டின் முதுகெலும்புதான் அர்ரே மலைகள். இருப்பது ஃபினிஸ்தேர் மாவட்டத்தில். 'நிலத்தின் முடிவு' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதே மாவட்டத்துக்குப் பிரெட்டன் மொழிப் பெயர் 'பென் அர் பெட்': உலகின் தலை. ரோமானியருக்கு முடிவாகத் தெரிந்த இடம், அங்கேயே வாழ்ந்தவர்களுக்குத் தொடக்கமாகத் தெரிந்திருக்கிறது.

பிரிட்டானியின் மிக உயர்ந்த இடமான ரோக் ருஸ், அதாவது 'சிவந்த பாறை', வெறும் 385 மீட்டர்தான். பக்கத்தில் உள்ள ரோக் திரெவெசெல் அதைவிட ஒரு மீட்டர் குறைவு. சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடங்களில் ஏறிவிடலாம். ஆனால் மேலே நிற்பவருக்கு இது 385 மீட்டர் என்ற எண்ணமே வராது. 40 கோடி ஆண்டுகள் பழமையான பாறை அடுக்குகள், செங்குத்தாக நிமிர்ந்த ரம்பப் பற்கள்போல முகட்டில் துருத்தி நிற்கின்றன. ஒரு காலத்தில் மிக உயர்ந்திருந்த மலைத்தொடர் மழையிலும் பனியிலும் தேய்ந்து எஞ்சிய எலும்புகள் அவை. மேற்கிலிருந்து வரும் அட்லாண்டிக் காற்றை முதலில் எதிர்கொள்வதும் இந்த முகடுதான். தெளிந்த வானம் சில நிமிடங்களில் வெள்ளை மூட்டமாகிவிடும். பத்தடி முன்னால் நடப்பவர் நிழலாகிப் போவார்.

கதைகள் பிறப்பதற்கு இந்த மூட்டமே போதும்.

கொதிக்கும் கஞ்சி

தூய மிக்கேல் குன்றிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் சதுப்பின் பெயர் யூன் எலெஸ். 'யூன்' என்றால் பிரெட்டனில் சதுப்பு. அதன் நடுவே எங்கோ ஓரிடத்துக்கு 'யூடிக்' என்று பெயர். 'யோட்' என்பது கஞ்சி. யூடிக், 'சின்னக் கஞ்சி'. மேலே பச்சைப் பாசி மூடியிருக்கும், அடியில் கறுப்புச் சேறு குமிழியிடும் அந்தக் குழிக்கு அடியே கிடையாது என்பது நம்பிக்கை.

இறந்த பிறகும் அடங்காமல் வீட்டாரை வதைக்கும் ஆவியைப் பாதிரியார் மந்திரித்து ஒரு கறுப்பு நாயின் உடலுக்குள் இறக்குவார். அந்த நாய் ஒரு பங்கிலிருந்து அடுத்த பங்குக்குக் கைமாறிக் கைமாறி யூன் எலெஸ் வரை வரும். அங்கே அதை யூடிக்கில் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். சேறு சற்று நேரம் கொந்தளிக்கும், பிறகு அமைதியாகிவிடும். குவிம்பேர் நகரில் ஆசிரியராக இருந்த அனத்தோல் லெ பிராஸ் இப்படிப்பட்ட கதைகளை ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மக்களிடம் கேட்டு எழுதினார். 1893இல் வெளிவந்த அவருடைய 'மரணத்தின் மரபுக்கதை' நூல் இல்லாவிட்டால் இவற்றில் பாதி இன்று நமக்குக் கிடைத்திருக்காது.

கதைக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. ஸ்பாக்னம் என்ற பாசி பல ஆயிரம் ஆண்டுகளாக நீரில் மக்கி மக்கிச் சேர்ந்த 'பீட்' கரிமண்தான் இந்தச் சதுப்பு. பார்வைக்குப் புல்தரை மாதிரி இருக்கும். கால் வைத்தால் மெத்தைபோல அசையும். சில இடங்களில் உள்ளே வாங்கிக்கொள்ளும். மாடு மேய்க்கப் போகும் பிள்ளையை அங்கிருந்து விலக்கி வைக்க நரகத்தைவிட நல்ல எச்சரிக்கைப் பலகை வேறென்ன இருக்க முடியும்?

1930களில் சதுப்பின் ஒரு பகுதியை நீரில் மூழ்கடித்து நீர்த்தேக்கம் கட்டினார்கள். 1960களில் அதன் கரையிலேயே பிரெனிலிஸ் அணுமின் நிலையம் எழுந்தது. கனநீரைப் பயன்படுத்திய, 70 மெகாவாட் திறனுள்ள அந்த உலை 1967 முதல் 1985 வரை ஓடியது. மூடிப் பல பத்தாண்டுகள் ஆகியும் அதைப் பிரித்தெடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. முழுமையாகப் பிரிப்பதற்கான அனுமதியே 2023இல்தான் கிடைத்தது. நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் சுமார் 15 கிலோமீட்டர் பாதையில் நடப்பவர் ஒரு பக்கம் தூய மிக்கேலின் குன்றையும் மறுபக்கம் உலைக் கட்டடத்தையும் பார்த்தபடியே நடக்கிறார்.

அதே நிலத்தில்தான் அழுகண்ணி இனச் செடிகள் பூச்சி பிடிக்கின்றன, நீர்நாய்கள் நீந்துகின்றன, 1960களின் இறுதியில் கொண்டுவந்து விடப்பட்ட பீவர்களின் வாரிசுகள் ஓடைகளில் அணை கட்டுகின்றன.

வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி

இந்த மலைகளில் இரவில் மரவண்டியின் அச்சு கிறீச்சிடும் சத்தம் கேட்டால் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. அது அங்கூவின் வண்டி. அங்கூ மரணத்தின் வேலைக்காரன். எலும்பும் தோலுமாக, அகன்ற தொப்பி அணிந்து, அரிவாளோடு வருபவன். அவன் எங்கிருந்தோ வந்தவனும் இல்லை. ஒவ்வொரு பங்கிலும் அந்த ஆண்டு கடைசியாக இறந்தவரே அடுத்த ஆண்டுக்கு அங்கூ. அதாவது, வண்டியோட்டி வருவது நேற்றுவரை அடுத்த வீட்டில் இருந்தவர்.

மலையடிவாரத்து ஊர்களில் அவன் கல்லிலேயே நிற்கிறான். லினன் துணி வணிகத்தில் செழித்த 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்த ஊர்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு தேவாலய வளாகங்களைக் கட்டின: வளைவு வாயில், சிலைகள் நிறைந்த சிலுவை மேடை, எலும்புகளைச் சேர்த்து வைக்கும் மண்டபம். கொம்மனா, சிசூன், கிமிலியோ, சென் தேகோனெக் என்று வரிசையாக இருக்கும் இந்த வளாகங்களை ஜி.ஆர். 380 நடைபாதையின் போக்கிலேயே பார்க்கலாம். லா ரோஷ் மோரிஸ் ஊரின் எலும்பு மண்டபச் சுவரில் அங்கூ ஈட்டியை நீட்டியபடி நிற்கிறான்.

கொம்மனாவுக்கு அருகே மூகோ பிஹானில் இன்னும் பழைய மரணம் காத்திருக்கிறது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய, 14 மீட்டர் நீளக் கற்பதுக்கை. குனிந்து உள்ளே போனால் சுவரில் கோடரிகளும் பெண்ணின் மார்பகங்களும் செதுக்கப்பட்டிருக்கும். தூய மிக்கேல் குன்றுக்குப் பக்கத்துப் புதர்வெளியில் வரிசையாக நட்ட 77 சிறு கற்களுக்குப் பெயர் 'கல் கல்யாணம்'. குடித்துக் கூத்தாடிக்கொண்டு வந்த கல்யாணக் கூட்டம், சாகக் கிடந்த ஒருவருக்கு இறுதித் திருவருட்சாதனம் கொண்டுபோன பாதிரியாருக்கு வழிவிட மறுத்ததாம். மணமக்களோடு கூட்டமே கல்லாகிவிட்டது.

கல்லெறிந்த சண்டை

அர்ரே மலைகளில் உள்ள உவெல்குவாட் ஊரின் பெயருக்கு 'உயர்ந்த காடு' என்று அர்த்தம். ஊருக்குள்ளிருந்தே பாதை தொடங்கிவிடும். நூறடி நடப்பதற்குள், யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல உருண்டை உருண்டையான கருங்கற்கள், ஒன்றன்மேல் ஒன்று, மேலே பாசி, இடுக்கில் ஓடை.

30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பூமிக்கடியில் உறைந்த கருங்கல், விரிசல்களில் நீர் இறங்கிச் சிதைந்து, சுற்றியிருந்த மண் கரைந்துபோக, நடுக்கல் மட்டும் உருண்டையாக மிஞ்சியது என்று புவியியல் சொல்கிறது. ஊர்க்கதைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. கார்கான்துவா என்ற அரக்கன் பசியோடு வந்தபோது இந்த ஊரார் அவனுக்கு வெறும் கஞ்சியைக் கொடுத்தார்களாம். வடக்கே போய் வயிறாரத் தின்ற பிறகு, அவமானம் தாங்காமல் அங்கிருந்த பாறைகளை இந்த ஊர்மேல் எறிந்தான். இன்னொரு கதையில், பக்கத்து ஊர்களான பெரியேனும் பிளூயேவும் ஒன்றின்மேல் ஒன்று எறிந்த கற்கள் பாதி வழியில் விழுந்து கிடக்கின்றன.

137 டன் எடை என்று சொல்லப்படும் 'நடுங்கும் பாறை' இங்கேதான் இருக்கிறது. சரியான இடத்தில் முதுகைக் கொடுத்து உந்தினால் ஒரே ஆள் அதை அசைத்துவிடலாம். இரும்பு ஏணியில் இறங்கினால் 'சாத்தான் குகை'. ஓடை இரைச்சலோடு விழும் பள்ளத்தில், இளவரசி தாஹுத் ஒவ்வோர் இரவும் தனக்குச் சலித்துப்போன காதலனைத் தள்ளினாள் என்பார்கள்.

மேட்டில் 'ஆர்தரின் முகாம்' என்று ஓர் இடம். ஆர்தர் அரசனின் புதையல் அங்கே இருப்பதாகப் பேச்சு. உண்மையில் அது சீசர் காலத்துக் கெல்ட்டியர் கோட்டை. 1938இல் அதை அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். ஏழு ஆண்டுகள் கழித்து, 1945இல், புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டைத் தோண்டி அங்கிருந்த ரோமானிய வணிகத் தடயங்களை உலகுக்குக் காட்டினாரே, அவரேதான்.

கவிஞரும் கடற்படை மருத்துவருமான விக்தோர் செகலென் 1919 மே மாதம் இந்தக் காட்டுக்கு நடக்க வந்தவர் திரும்பவில்லை. தேடிப் போனவர்கள் அவருடைய உடலைக் கண்டார்கள். அருகே 'ஹாம்லெட்' புத்தகம். 1987 அக்டோபர் புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது. இன்று நிழல் தரும் மரங்களில் பல அதற்குப் பின் வளர்ந்தவை.

ராஜாவின் காது

தென்மேற்கே, கறுப்பு மலைகள் கடலைத் தொடப்போகும் இடத்தில் மெனே ஹோம் நிற்கிறது, 330 மீட்டர். உச்சியிலிருந்து துவார்னனே வளைகுடா முழுதும் கண்ணுக்குள் அடங்கும். அதன் அடியில்தான் ஈஸ் என்ற நகரம் மூழ்கிக் கிடக்கிறதாம். கடலைத் தடுத்த மதகின் சாவியைத் தூங்கிக்கொண்டிருந்த தந்தை கிராட்லோன் அரசனிடமிருந்து திருடி, சாத்தான் கையில் கொடுத்தவள் அதே தாஹுத்.

மெனே ஹோமின் சொந்தக் கதை மார்க் அரசனுடையது. 'மார்க்' என்றால் பிரெட்டனில் குதிரை. அவனுக்குக் குதிரைக் காது. முடி வெட்டிய நாவிதர்களையெல்லாம் கொன்று ரகசியத்தைக் காத்தான். கடைசி நாவிதன் நெஞ்சு வெடித்துவிடும் போலிருக்க, ஆளில்லாத இடத்தில் மண்ணிடம் சொன்னான். அங்கே முளைத்த நாணலை வெட்டிக் குழல் செய்து ஊதியபோது, குழல் ஊருக்கே சொல்லிவிட்டது. 'ராஜா காது கழுதைக் காது' என்று கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பாவி என்பதால் மார்க்குக்குச் சொர்க்கம் இல்லை. மலைச்சரிவில் மாதாவுக்குத் தேவாலயம் கட்டியவன் என்பதால் நரகமும் இல்லை. அவன் கல்லறை மேல் குவியும் கற்கள், அங்கிருந்து தேவாலய மணிக்கூண்டு தெரியும் அளவுக்கு உயரும் நாளில் அவனுக்கு விடுதலை. அதனால் அந்த வழியாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போட்டுவிட்டுப் போவது வழக்கமானது. இதே மலையடிவாரத்தில் 1913இல் ஓர் உழவரின் வயலில் வெண்கலத்தில் வார்த்த பெண்தெய்வத்தின் தலை கிடைத்தது. கெல்ட்டியரின் பிரிகிட் என்று கருதப்படும் அந்தத் தலை இப்போது ரென் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பொன் பூசிய மரம்

ரென்னுக்கு மேற்கே உள்ள பெம்போன் காட்டைத்தான் மக்கள் புரோசெலியாந்து என்கிறார்கள்: மந்திரவாதி மெர்லின் காதலால் சிறைப்பட்ட காடு. பரன்டோன் ஊற்றின் நீரை அதன் கல்மேல் தெளித்தால் புயல் எழும் என்பது 12ஆம் நூற்றாண்டிலேயே ஊரறிந்த செய்தி. அந்த அதிசயத்தைக் காண நேரில் போன வாஸ் என்ற கவிஞர், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதி வைத்துவிட்டார். ஆனாலும் 1835 வறட்சியில் கொன்கோரே ஊர் மக்கள் சிலுவையோடு அந்த ஊற்றுக்கே ஊர்வலம் போனார்கள்.

இந்தக் காட்டில் செங்கருநீலப் பாறைகளுக்கு இடையே இறங்குகிறது 'திரும்பிவரா பள்ளத்தாக்கு'. துரோகம் செய்த காதலர்களை மோர்கன் என்ற மாயக்காரி இங்கே அடைத்து வைத்தாள். 1990 செப்டம்பரில் இங்கும் பெருந்தீ. மறு ஆண்டு, பிரான்சுவா தவென் என்ற கலைஞர் எரிந்துபோன ஒரு கஷ்கொட்டை மரத்துக்குத் தங்கத் தகடு ஒட்டிப் பள்ளத்தாக்கின் வாயிலில் நிறுத்தினார். அதைச் சுற்றிக் கரிந்த மரங்கள் சில, கறுப்பாகவே நிற்கின்றன. திரும்பிவரா பள்ளத்தாக்குக்குள் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பொன்மரத்தைத்தான்.

பாதை போட்டவர்கள்

சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கோடுகள்: பிரான்ஸின் நெடுந்தொலைவு நடைபாதைகளுக்கு அடையாளம் அதுதான். முதல் ஜி.ஆர். பாதை 1947இல் திறந்தது. பெம்போன் காட்டிலிருந்து பிரிட்டானியின் நடுவே ஊடுருவி அர்ரே வரை வரும் ஜி.ஆர். 37இலும் பாறையிலும் மரத்திலும் அந்தக் கோடுகள்தான் வழிகாட்டி. ஆனால் பாதைகள் அதைவிட மிகப் பழையவை.

லோக்கெஃப்ரே, போட்மர் போன்ற மலை ஊர்களின் ஏழை ஆண்கள், விளைச்சல் போதாமல் குதிரையோடு கிளம்பி ஊர் ஊராகக் கந்தல் துணி சேகரித்தார்கள். பீங்கான் கிண்ணம் கொடுத்துக் கந்தல் வாங்கிக் காகித ஆலைக்கு விற்றார்கள். 'பில்ஹாவர்' என்ற அந்தக் கந்தல் வியாபாரிகளின் காலடி பட்ட வழிகள் இவை. பீட் வெட்டி எரிபொருள் சுமந்தவர்களின் வழிகள் இவை. பக்தர்களின் வழிகளும்தான். பிரிட்டானியின் ஏழு ஆதிப் புனிதர்களின் ஏழு பேராலயங்களையும் சுற்றிவரும் சுமார் 600 கிலோமீட்டர் யாத்திரைக்கு 'திரோ பிரெய்ஸ்' என்று பெயர். உயிரோடிருக்கும்போது அதை நடக்காதவர், இறந்த பிறகு ஏழு ஆண்டுக்கு ஒரு சவப்பெட்டி நீளம் வீதம் நகர்ந்து முடிக்க வேண்டுமாம். நின்றுபோயிருந்த அந்த யாத்திரைக்கு 1994இல் மறுபடி உயிர் வந்தது.

இந்தப் புதர்வெளியே மனிதக் கையால் உண்டானதுதான். புதிய கற்காலம் தொட்டுக் காட்டை அழித்து, மாடு மேய்த்து, செடி வெட்டி மாட்டுக்குப் படுக்கை போட்டதால் மரங்கள் எழவில்லை. மஞ்சள் பூக்கும் 'லான்' முட்புதரை நசுக்கிக் குதிரைக்குத் தீனியாக்கினார்கள். டிராக்டர் வந்தது, குதிரை போனது, புதரை யாரும் வெட்டவில்லை. அதனால் இன்று கிராகூ போன்ற காப்பிடங்களில் 'பிரெத்தாஞ் விவாந்து' அமைப்பு டார்ட்மூர் குட்டைக் குதிரைகளை மேயவிட்டு இந்த வெளியைக் காக்கிறது. வெளி இருந்தால்தான் பூனைப்பருந்தும், வளைந்த நீண்ட அலகு கொண்ட கர்லூ பறவையும் தரையில் கூடு கட்ட முடியும். 2022 மே மாதம் பெரியேனில் ஒரு தானியங்கிக் கேமராவில் ஓநாய் பதிவானது. நூறாண்டுக்கு மேலாக இந்த மாவட்டத்தில் இல்லாமல் போயிருந்த விலங்கு அது.

மொழியின் கதை அவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் மொழி பிரெட்டன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் பேசினார்கள். பள்ளியில் அதைப் பேசிய பிள்ளையின் கழுத்தில் அவமானச் சின்னம் தொங்கவிட்டார்கள். 2018 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம் பேர். 2024இல் சுமார் 1,07,000. 1977இல் தொடங்கிய திவான் பள்ளிகள் பிள்ளைகளுக்கு அந்த மொழியிலேயே பாடம் நடத்துகின்றன. யூடிக் என்றால் சின்னக் கஞ்சி, மார்க் என்றால் குதிரை, உவெல்குவாட் என்றால் உயர்ந்த காடு என்று தெரிகிறவர்கள் இருக்கும்வரைதான் இந்த மலையின் கதைகள் மலையோடு ஒட்டியிருக்கும். அப்புறம் அவை வெறும் பெயர்ப்பலகைகள்.

போகிறவர்களுக்கு

பாரிஸிலிருந்து மோர்லே ஊருக்கு அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அங்கிருந்து மலை பக்கம்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் ஹீத்தர் ஊதாவாகவும் முட்புதர் மஞ்சளாகவும் ஒன்றாகப் பூக்கும். எந்த மாதமானாலும் மழைச்சட்டையும் வரைபடமும் வேண்டும். சதுப்பில் பலகைப் பாதையை விட்டு இறங்காதீர்கள். பறவைகள் தரையில் அடைகாக்கும் வசந்தத்தில் புதருக்குள் நுழையாதீர்கள். கோடையில் ஒரு தீக்குச்சிகூட வேண்டாம்.

தீ எரிந்த சில வாரங்களிலேயே தூய மிக்கேல் குன்றின் கரிந்த சரிவில் மொலினியா புல் துளிர்த்துவிட்டது. ஹீத்தர் பழையபடி அடர்ந்து பூக்க இன்னும் பல ஆண்டுகள் பிடிக்கும்.